உண்மைக் கொப்பி

ஜேபி அக்காவிடம் ஒரு போட்டோகொப்பிக்கு முத்திரை வாங்குவதென்றால் குறைந்தது நாற்பது நிமிடம் கையில் இருக்க வேண்டும். சனிக்கிழமைகளில் நூலகத்தில் வந்து உட்காரும் வெள்ளைக்கார ஜேபி இரண்டு நிமிடத்தில் போட்டுத் தந்துவிடுவார். மூலத்தில் ஒரு பார்வை, கொப்பியில் ஒரு பார்வை, டப் என்று ஒரு குத்து, அடுத்த ஆள். அப்படி இருந்தும் ஓக்லாந்துத் தமிழர்களான நாங்கள் லின்ஃபீல்டில் இருந்த அக்காவின் குசினி மேசையைத்தான் தேடிப் போனோம். போகும்போது வழியெல்லாம் அவரைத் திட்டிக்கொண்டுதான் போனோம் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

ஜேபி என்றால் ஊரில் சமாதான நீதவான் என்போமே, அந்த உத்தியோகம். பிரதிகளை உறுதிப்படுத்துவது, சத்தியக் கடதாசி வாங்குவது, இவ்வளவுதான் வேலை. சம்பளம் கிடையாது, காசும் வாங்கக் கூடாது. எங்கள் வட்டாரத்தில் தமிழ் வாசிக்கத் தெரிந்த ஜேபி இவர் ஒருவர்தான் என்பதால் சொந்தப் பெயர் எல்லோருக்கும் மறந்துபோய்விட்டது. பகலில் புளொக்ஹவுஸ் பேயில் ஒரு ட்ரை கிளீனிங் கடையின் கவுண்டரில் நின்றார். அங்கேயும் இதே கூத்துத்தான். ஒரு கோட்டைக் கொடுத்தால், "மண்ணிறம், இடப்பக்கப் பொக்கற் முன்னமே கிழிஞ்சது, மூண்டாவது பொத்தான் வேற சாதி" என்று துண்டில் எழுதி, வாசித்துக் காட்டி, நாம் தலையாட்டிய பிறகுதான் உள்ளே போகும். வெள்ளைக்காரர்கள் 'லவ்லி' என்று சொல்லிப் பொறுமையாகக் கேட்பார்கள். நாங்கள்தான் மணிக்கூட்டைப் பார்ப்போம்.

இந்த வாசிப்பு அவர் ஊரில் பழகிய பழக்கம். யாழ்ப்பாணத்தில் ஒரு நொத்தாரிசு கந்தோரில் காணி உறுதிப் பத்திரங்களைத் தட்டச்சு செய்தவர். அந்தக் காலத்தில் கொப்பி எடுப்பதென்றால் முழுவதையும் திரும்ப அடிப்பதுதான். அடித்து முடிந்ததும் ஒருவர் மூலத்தைச் சத்தமாக வாசிக்க, மற்றவர் கொப்பியில் வரிக்கு வரி விரலை வைத்துக்கொண்டு போக வேண்டும். ஒப்புப் பார்ப்பது என்று பெயர். போட்டோகொப்பி மெசின் வந்து எத்தனையோ காலமாகியும் அக்கா ஒப்புப் பார்ப்பதை விடவில்லை. கொப்பியை நம்மிடம் தந்து விரலை வைக்கச் சொல்லிவிட்டு, மூலத்தை எடுத்து வாசிக்கத் தொடங்குவார். எழுத்து முடிந்தாலும் விடமாட்டார். "வட்ட முத்திரை. உள்ளுக்குச் சிங்கம். வால் மேல பாத்தபடி. இருக்கோ?" என்பார். நாம் "ஓம், இருக்கு" என்று சொன்னால்தான் அடுத்த பக்கம். என் கணவர் ஒருமுறை மின்சார பில்லுக்கு முத்திரை வாங்கப் போய், கீழே பொடி எழுத்தில் இருந்த விளம்பரம் வரைக்கும் கேட்டுவிட்டு வந்து, நியூசிலாந்து மின்சாரத்தைப் பற்றித் தனக்கு இனி யாரும் ஒன்றும் சொல்லத் தேவையில்லை என்றார்.

அந்தக் கந்தோர் அலுமாரியில் இங்கிலீஷ்காரன் விட்டுப்போன தடித்த சட்டப் புத்தகங்கள் இருந்தனவாம். கூட வேலை செய்த பெண்கள் மத்தியானச் சோற்றுப் பார்சலை அவிழ்த்துக்கொண்டு தொடர்கதை வாசிக்க, இவர் அந்தப் புத்தகங்களை வாசித்திருக்கிறார். பெண்சாதிகளுக்கும் பிள்ளைகளுக்கும் பழைய இங்கிலாந்துச் சட்டத்தில் இருந்த பெயர்கள் எல்லாம் அவருக்குத் தண்ணீர்பட்ட பாடு. கலியாணம் கட்டியவள் ஃபெம் கவர்ட். "மூடி வைச்ச பெண்" என்று அக்கா தமிழாக்குவார். புருசன் என்ற மூடியின் கீழ் அவள் தன் பெயரில் காணி வாங்க முடியாது, வழக்குப் போட முடியாது. கட்டாதவள் ஃபெம் சோல், தனிப் பெண். விதவையை உறுதிகளில் ரெலிக்ட் என்று எழுதுவார்கள், செத்தவர் விட்டுப்போன மிச்சம் என்று அர்த்தம். அக்காவின் கணவர் நாங்கள் அறிவதற்கு முன்பே காலமாகிவிட்டார்.

"என்னை ரெலிக்ட் எண்டு எழுதினால் நான் கையெழுத்து வைக்க மாட்டன். அந்த மனுசன் இருக்கேக்க கோப்பையில ஒரு பருக்கை மிச்சம் விடாது. என்னை மட்டும் விட்டிட்டுப் போகுமே?" என்று சொல்லிச் சிரிப்பார்.

ஒருநாள் நான் போயிருந்தபோது சென்னையிலிருந்து வந்த ஐடி தம்பதி ஒன்று மேசையில் இருந்தது. மனைவியின் விசாவுக்குச் சத்தியக் கடதாசி. அந்தப் பையனுக்குக் கோபம் மூக்குக்கு மேல் நின்றது.

"எல்லா இடத்துலயும் பார்ட்னர்னு போட்டிருக்கான் மேடம். நாங்க என்ன கடையா வெச்சு நடத்துறோம்? வைஃப்னு மாத்திடலாமா?"

"தம்பி, முந்தின காலமெண்டால் மூடி வைச்ச பெண் எண்டு போட்டிருப்பாங்கள். பார்ட்னர் எண்டால் ரெண்டு பேருக்கும் சம பங்கு. பிள்ளை, நீங்க சொல்லுங்கோ, பங்கு வேணுமோ, மூடி வேணுமோ?"

அந்தப் பெண் யோசிக்கவே இல்லை. "பார்ட்னரே இருக்கட்டும் மேடம். அப்படியே பாத்திரம் கழுவுறதுல என்ன பங்குன்னு இவர்கிட்ட எழுதி வாங்கிக் குடுத்துடுங்க."

அக்கா கடைசி வரை எழுதிக் கொடுக்கவில்லை. அவன் இன்றைக்கு வரை பாத்திரம் கழுவியிராத ஆள், எதிர்காலத்தைப் பற்றி எல்லாம் சத்தியம் வாங்க ஏலாது என்றுவிட்டார்.

இதெல்லாம் கேட்பதற்கு நன்றாக இருக்கும், நம் தலையில் விழாதவரை. ஒரு வீட்டில் கலியாண அழைப்பிதழ் கொண்டுவந்து கொடுத்தார்கள். மாப்பிள்ளை 'ஏக புத்திரன்' என்று பொன்னெழுத்தில் அச்சடித்திருந்தது. தகப்பனுக்கு முதல் தாரத்தில் கனடாவில் ஒரு மகன் இருப்பது சான்ட்ரிங்ஹாம் கடைகளில் நிற்கிற எல்லோருக்கும் தெரியும். நாங்கள் பல்லைக் காட்டி வாங்கிப் பைக்குள் வைத்துக்கொண்டோம். அக்கா வாசலிலேயே அட்டையைத் திறந்து, சத்தமாக வாசித்து, "ஏக எண்டால் ஒண்டு. அப்ப கனடாவில இருக்கிறது ஆற்ற பிள்ளை?" என்று கேட்டார். அவர்கள் அதற்குப் பிறகு இரண்டு வருசம் அக்காவோடு கதைக்கவில்லை. அக்காவுக்கு அது ஏன் என்றே விளங்கவில்லை. கலியாணத்துக்குப் போய், வயிறாரச் சாப்பிட்டு, வாழ்த்திவிட்டும் வந்தார்.

ஹில்ஸ்பரோவில் எங்கள் வீடு குடிபூரலின்போது அக்கா ஒரு கதை சொன்னார். சாப்பிட்டு முடிந்து எல்லோரும் ஹோலில் இருந்தார்கள். நான் பாயாசம் கொண்டு திரிந்தேன்.

"மியூலியர் எண்டொரு சொல் இருக்கு," என்று தொடங்கினார். "சட்டப்படி கட்டின பெண்சாதியும் மியூலியர், அவள் பெத்த பிள்ளையும் மியூலியர். இப்ப கேளுங்கோ. ஒரே தாய், ஒரே தகப்பன், ரெண்டு பொடியள். மூத்தவன் கலியாணத்துக்கு முந்திப் பிறந்திட்டான், இளையவன் பிந்தி. இளையவனுக்குப் பேர் மியூலியர் பியூனி. மூத்தவனுக்குப் பேர் பாஸ்டர்ட் எய்ன். தாயும் தகப்பனும் பிறகு கட்டினாலும் அவன்ர பேர் மாறாது. காணி முழுக்க இளையவனுக்கு."

"அப்ப மூத்தவன் என்ன செய்யிறது அக்கா?" என்று யாரோ கேட்டார்கள்.

"அதுக்கும் ஒரு வழி விட்டிருக்கிறாங்கள். தகப்பன் செத்தவுடன அவன் காணிக்குள்ள போய் இருந்திட வேணும். சாகுமட்டும் ஒருத்தரும் எழுப்பேல்லை, அவன்ர பிள்ளையின்ர கைக்குப் போட்டுது எண்டால், பிறகு இளையவன் வாய் திறக்க ஏலாது. அந்தச் சட்டத்துக்கும் கொஞ்சம் மனச்சாட்சி இருந்திருக்கு. இந்த நாட்டில உந்தப் பேரெல்லாம் எப்பவோ அழிச்சுப்போட்டாங்கள். பிள்ளை எண்டால் பிள்ளை."

எல்லோரும் சிரித்தார்கள். நான் குசினிக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு நின்றேன்.

ஏனென்றால் எங்கள் வீட்டிலும் அப்படி இரண்டு பேர் இருந்தார்கள். எங்களுக்குக் கலியாணம் நடந்தது சண்டையில் இடம்பெயர்ந்து வன்னியில் இருந்தபோது. ஒரு சின்னப் பிள்ளையார் கோயில், ஒரு ஐயர், முப்பது நாற்பது சனம். மேளகாரர் வர முடியவில்லை, பாதை பூட்டியிருந்தது. பதிவுகாரரும் எந்தப் பக்கம் இடம்பெயர்ந்தார் என்று ஒருவருக்கும் தெரியாது. தாலி கட்டியாயிற்று, பதிவைப் பிறகு பார்க்கலாம் என்றார்கள். அந்தப் பிறகு வரவே இல்லை. மூத்த மகள் பிறந்தபோது பதிவில் கலியாணச் சான்றிதழ் கேட்டார்கள். கையில் இல்லை. பெற்றோர் விவாகஞ் செய்தவர்களா என்ற கட்டத்தில் 'இல்லை' என்று எழுதிவிட்டார்கள். அதையும் பிறகு மாற்றலாம் என்றார் என் கணவர். இந்த நாட்டுக்கு வந்தபோது சேர்ந்து வாழ்கிறோம் என்பதே போதுமாக இருந்தது, யாரும் தாலியைப் பற்றிக் கேட்கவில்லை. இளையவள் ஓக்லாந்தில் பிறந்தபோது படிவத்தில் அதே கேள்வி வந்தது. இவர் கோயில் பெயரையும் திகதியையும் எழுதி 'ஓம்' போட்டுக் கொடுத்தார். ஆக ஒரே தாய், ஒரே தகப்பன், ஒருத்திக்கு இல்லை, மற்றவளுக்கு ஓம். மூத்தவளின் சான்றிதழை நான் சேலைப் பெட்டியின் அடியில் வைத்திருந்தேன். அவளுக்கே அதைக் காட்டியதில்லை. எனக்கு அது அவ்வளவு வெட்கம்.

மூத்தவளுக்கு லண்டனில் பிசியோ வேலை கிடைத்தபோது எல்லாச் சான்றிதழ்களுக்கும் உறுதிப்படுத்திய கொப்பி கேட்டார்கள். நான் நூலகத்துக்குப் போகலாம் என்று மெல்லச் சொன்னேன். அவள் ஏற்கெனவே ஜேபி அன்ரிக்கு போன் பண்ணி நேரம் எடுத்துவிட்டாள். பிறப்புச் சான்றிதழைத் தபாலில் மொழிபெயர்க்கக் கொடுத்து எடுத்தது நான்தான். அவள் கையில் கிடைக்காமல் உறையோடு என் கைப்பையில் வைத்துக்கொண்டு கூடவே போனேன். அக்காவிடம் தனியாகக் கொடுத்து விசயத்தைச் சொல்லிவிடலாம் என்று ஒரு நப்பாசை.

அக்கா பட்டத்தை வாசித்தார். பாஸ்போர்ட்டை வாசித்தார். பிறகு கையை நீட்டினார்.

"அக்கா, இது பிறப்புச் சான்றிதழ்தானே. மெசினில எடுத்த கொப்பி. வாசிக்கத் தேவையில்லை," என்றேன்.

"மெசினுக்குக் கண் இருக்கே? பிள்ளை, நீ இங்கிலிசில இருக்கிறதில விரலை வை. நான் தமிழில வாசிக்கிறன்."

பிறந்த இடம் வாசித்தார். தகப்பன் பெயர் வாசித்தார். என் பெயரை வாசித்தார். "பெற்றோர் விவாகஞ் செய்தவர்களா," என்றவர், வேகம் குறையாமல், "இல்லை," என்றார். பிறகுதான் நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

மகளின் விரல் அந்த வரியில் நின்றது. "அம்மா, நோ எண்டு இருக்கு. நீங்களும் அப்பாவும் மரி பண்ணேல்லையா?" அவள் முகத்தில் பெரிய சிரிப்பு. "தட்ஸ் சோ கூல், அம்மா."

நான் அழத் தொடங்கினேன். அவளுடைய சிநேகிதிகளில் பாதிப் பேரின் தாய் தகப்பன் கட்டாதவர்கள், இதில் அழுவதற்கு என்ன இருக்கிறது என்று அவளுக்கு விளங்கவில்லை. சிரிப்பை விழுங்கிக்கொண்டு என் கையைப் பிடித்தாள். நான் அக்காவைப் பார்த்து, மனதில் இத்தனை காலம் கிடந்ததைக் கேட்டேன்.

"அண்டைக்கு எங்கட வீட்டில ரெண்டு சட்டப் பேரைச் சொன்னீங்களே அக்கா. மூத்ததுக்கு ஒண்டு, இளையதுக்கு ஒண்டு. அது என்ர பிள்ளையளுக்குத்தானே?"

அக்கா கண்ணாடியைக் கழற்றினார், துடைத்தார், போட்டார். "நான் அதை விளையாட்டுக்குச் சொன்னனான், பிள்ளை. உமக்கு இப்பிடி ஒரு பேப்பர் இருக்கெண்டு எனக்குத் தெரியாது. என்னை மன்னியும்," என்றார். பிறகு எழுந்து, முத்திரையை எடுத்து, கொப்பியில் அழுத்திக் குத்தினார்.

"அக்கா, அதில பிழையா இருக்கே."

"இந்தக் கொப்பி உண்மை. மூலம்தான் பொய். மூலத்தைத் திருத்துவம்."

வீட்டில் விசயத்தைச் சொன்னபோது என் கணவருக்கு உடனே ஒரு யோசனை வந்தது. நகரப் பேருந்து ஓட்டுகிறவர், எதற்கும் குறுக்குப் பாதை வைத்திருப்பார். அடுத்த சனிக்கிழமை அக்காவிடம் அதைச் சொன்னார்.

"இஞ்ச ஒரு ஆளைப் பிடிச்சு இப்ப பதிஞ்சால் முடிஞ்சுது அக்கா. அரை மணித்தியால அலுவல்."

"இண்டைக்குப் பதிஞ்சால் இண்டைக்குத்தான் கலியாணம். அப்ப மூத்தவள் முந்திப் பிறந்தவள். நீங்களே அவளுக்கு அந்தப் பேரை ஒட்டிவிடப் போறியளோ?"

இவர் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"எங்கட நாட்டுச் சட்டத்தில பதிவு நல்ல சாட்சி. ஆனா அது மட்டும்தான் சாட்சி எண்டு இல்லை. முறைப்படி தாலி கட்டி, ஊர் சனம் இவை புருசன் பெண்சாதி எண்டு ஏத்துக்கொண்டால் அது கலியாணம். காணி வழக்குகளுக்கு நான் இதை எத்தினை தரம் அடிச்சிருக்கிறன். உங்கட கலியாணத்தில நிண்ட ஆக்கள் ஆர் இந்த ஊரில இருக்கினம்? அதைச் சொல்லுங்கோ."

இரண்டு பேர் இருந்தார்கள். ஒருவர் சான்ட்ரிங்ஹாமில் மளிகைக் கடை வைத்திருப்பவர். அக்காவும் நானும் அவர் கடைக்கே போய், அரிசி மூட்டைகளுக்கு நடுவில் நின்று கேட்டோம். மனுசனுக்குக் கலியாணம் முழுவதும் சாப்பாடாகத்தான் ஞாபகம் இருந்தது.

"பூசணிக்காய்க் கறி, பருப்பு, ஒரு சம்பல். அப்பளம் இல்லை. பாயாசத்துக்குச் சீனி கிடைக்கேல்லை, பனங்கட்டி போட்டது."

"தாலி கட்டினதைக் கண்டனீங்களோ?"

"இல்லை அக்கா, நான் பின்னால சோத்துக் கிடாரத்தோட நிண்டனான். மேளத்துக்குப் பதிலாக் கோயில் மணி அடிச்சவை, அது கேட்டது. நீங்க கண்டதெண்டே எழுதுங்கோ. ஆர் வந்து பாக்கப் போறாங்கள்?"

அக்கா ஃபைலை மூடிவிட்டு வாசலை நோக்கி நடந்தார். இருக்கிற இரண்டு சாட்சியில் ஒன்று போகிறதே என்று பின்னால் ஓடினேன். கடைக்காரரும் ஓடி வந்து, காணவில்லை, மணிதான் கேட்டது, சாப்பிட்டது மட்டும் உண்மை என்று மூன்று தரம் சொன்ன பிறகு திரும்பி வந்தார். "சாப்பிட்டதும் சாட்சிதான். கலியாண வீடெண்டு தெரிஞ்சுதானே கை நனைச்சனீங்கள்? அதைச் சொல்லுங்கோ, அது போதும்," என்றார். பனங்கட்டிப் பாயாசம் வரைக்கும் எழுதினார். கடைக்காரர் நன்றியாக இரண்டு முருங்கைக்காயை நீட்ட, முத்திரை குத்துகிற கையால் அதைத் தொட மாட்டேன் என்றுவிட்டார்.

முடிவை இங்கேயே சொல்லிவிடுகிறேன். கடதாசிகள் ஊருக்குப் போய், எட்டு மாதத்தில் அந்தக் கட்டம் திருத்தப்பட்டு 'ஆம்' என்று வந்தது. லண்டனில் அதை ஒருவரும் கேட்கவில்லை, முதலில் இருந்த 'இல்லை'யையும் ஒருவரும் கவனிக்கவில்லை. அக்கா அதற்கடுத்த வருசம் மகனோடு பேர்த்துக்குப் போய்விட்டார். இப்போது நான் நூலகத்தில்தான் முத்திரை வாங்குகிறேன், இரண்டே நிமிடத்தில். திருத்திய சான்றிதழ் வந்த நாள் எனக்கு அவ்வளவாக நினைவில்லை. கடைசிக் கடதாசிகள் எழுதிய நாள்தான் நினைவில் இருக்கிறது.

இரண்டாவது சாட்சி எனக்குத் தோழியாக நின்றவள். மாப்பிள்ளையின் தங்கைதான் தோழியாக நிற்க வேண்டும், அவள் பூட்டிய பாதைக்கு அந்தப் பக்கம் மாட்டிக்கொண்டதால் பக்கத்துக் கொட்டிலில் இருந்த இவளைக் கூப்பிட்டு நிறுத்தினோம். இப்போது ஓனெஹங்காவில் ஒரு பல் வைத்தியரிடம் வேலை. அக்காவின் மேசையைச் சுற்றி அவள், நான், என் கணவர், லண்டனுக்குப் போக இரண்டு கிழமை இருந்த மூத்தவள். அக்கா கம்பியூட்டரில் தட்டிக்கொண்டே கேட்டார்.

"தாலி கட்டேக்க நீர் எங்க நிண்டனீர்?"

"இவவுக்குப் பின்னால அக்கா. பின்னலைத் தூக்கிப் பிடிச்சுக்கொண்டு. அவர் குனிஞ்சு முடிச்சுப் போடேக்க முகம் எனக்குக் கிட்ட. மூண்டு முடிச்சும் கண்டனான்." கொஞ்சம் நிறுத்திவிட்டு, "அவர் அழுதுகொண்டுதான் கட்டினவர்," என்றாள்.

நான் திரும்பி அவளைப் பார்த்தேன். நான் மணப்பெண்ணாகத் தலை குனிந்திருந்தேன். அவருடைய கால் விரல்களைத் தவிர வேறொன்றையும் காணவில்லை.

"அது ஓமப் புகை," என்றார் என் கணவர்.

அக்கா தட்டுவதை நிறுத்தினார். "புகையோ, அழுகையோ? உமக்கு நிச்சயமாத் தெரிஞ்சதை மட்டும் சொல்லும்."

"அழுகைதான் அக்கா. மூக்கையும் உறிஞ்சினவர். புகை மற்றப் பக்கத்தால போனது. ஐயர்தான் இருமிக்கொண்டிருந்தவர்."

மகள் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். தோழி கையெழுத்து வைத்தாள். அடுத்தது என் கணவரின் கடதாசி. திகதி, கோயில், ஐயர், மணி எல்லாவற்றையும் சொன்னார். அக்கா அடித்து எடுத்து, வழக்கம்போல கொப்பியை அவர் கையில் கொடுத்து, விரலை வைக்கச் சொல்லி வாசித்துக்கொண்டு போனார். நடுவில் ஒரு வரி வந்தது.

"தாலி கட்டும்போது நான் அழுதேன்."

"அதை நான் சொல்லேல்லையே."

"நீங்கள் சொல்லேல்லை. சாட்சி சொல்லிப்போட்டா. ரெண்டு பேப்பரும் ஒண்டோட ஒண்டு முட்டினால் அங்க பதிவில கேப்பினம். பொய்யெண்டால் இப்பவே வெட்டுங்கோ. வெட்டின இடத்தில சின்னதா ஒரு கையெழுத்து வையுங்கோ. அவவைக் கூப்பிட்டு அவவின்ர பேப்பரிலயும் அதை எடுக்கிறன். உண்மையெண்டால் கீழ கையெழுத்து வையுங்கோ."

நான் எப்படிச் சொல்வேன். இந்த மனுசன் வாயிலிருந்து எனக்கென்று ஒரு சொல் வந்ததில்லை. கறி எப்படி என்று கேட்டால் உப்புச் சரி என்பார். பிரசவத்தின்போது நான் கத்திக்கொண்டிருக்க, வாகனம் வெளியே நிற்கிறது என்று சொன்ன ஆள். இத்தனை வருசத்தில் நான் ஒருநாளும் குறைப்பட்டதில்லை, ஆனால் பதிவில்லாமல் என்னைக் கட்டியதைப் பற்றி அவருக்கு மனதுக்குள் என்ன இருந்தது என்று ஒரு கேள்வி எனக்கு எப்போதும் இருந்தது. பாதை பூட்டிய ஊரில், கிடைத்தவளைக் கட்டினாரோ என்றுகூட நினைத்திருக்கிறேன்.

"அப்பா?" என்றாள் மகள்.

அவர் பேனையைக் கையில் வைத்து உருட்டினார். அந்த வரிக்கு மேல் பேனையைக் கொண்டுபோனார். பிறகு பேனை கீழே இறங்கியது. கடைசி வரிக்குக் கீழே, நிதானமாக, முழுப் பெயரையும் எழுதிக் கையெழுத்து வைத்தார். அக்கா திகதி போட்டுத் தன் கையெழுத்தையும் வைத்து, முத்திரையைக் குத்தினார்.

"என்ன பாத்துக்கொண்டிருக்கிறீர்? எழும்பும், எனக்கு ரெண்டு மணிக்கு ஷிஃப்ட்," என்றார் என் கணவர், என் முகத்தைப் பார்க்காமல்.

நான் எழும்பவில்லை. அக்காவிடம் அந்த வரியை இன்னொரு தரம் வாசிக்கச் சொன்னேன்.